நடந்து வருபவர்களுக்கு எப்போது பச்சை?

"அக்கா, கறுப்புக் காரு வந்தா மட்டும் இது பாக்கவே மாட்டேங்குது."

சொன்னவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண். இடம், விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் காலனியில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகம். நாங்கள் என்றால் மூன்று பேர். சமூகப் பணி செய்யும் இருவர், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீடுகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் அதே காலனித் தம்பி ஒருவர். அன்று மேசைமேல் கிடந்தது தெர்மாகோல் அட்டையில் செய்த ஒரு நான்குமுனைச் சந்திப்பு. ஒவ்வொரு சாலைக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு. ஒவ்வொரு சாலை ஓரத்திலும் ஒரு சென்சார். வண்டி வந்து நின்றால் அந்தச் சாலைக்குப் பச்சை விழ வேண்டும். வெள்ளைக் காருக்கு விழுந்தது. சிவப்புக் காருக்கு விழுந்தது. கறுப்புக் கார் எவ்வளவு நேரம் நின்றாலும் விழவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு அதோடு முடியவில்லை. அதைத்தான் எழுத நினைக்கிறோம்.

முதலில், ஏன் டிராஃபிக் லைட்? எங்கள் கிராமத்தில் சிக்னலே கிடையாது. பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பிள்ளைகள் சார்ட் பேப்பரில் பூவின் பாகங்களை வரைந்துகொண்டு போய் நிற்பார்கள். இந்த முறை மூன்று பேர் "ஓடுற மாதிரி ஒண்ணு செய்யணும்" என்று பிடிவாதமாகச் சொன்னார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டபோது, அந்தப் பெண்தான் "ரோட்டு லைட்டு" என்றாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

காலனிக்கும் ஊருக்கும் நடுவில் மாநில நெடுஞ்சாலை போகிறது. பள்ளி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் ஊர்ப் பக்கம். காலனியில் எந்த வீட்டை எடுத்தாலும், தினமும் இரண்டு முறையாவது அந்தச் சாலையைத் தாண்டுகிற ஒருவர் இருப்பார். இரண்டு வருடத்துக்கு முன், நூறு நாள் வேலை முடித்துத் திரும்பும்போது, பொழுது சாய்ந்த நேரத்தில், அவளுடைய ஆயா அங்கேதான் வண்டியில் அடிபட்டு இறந்தார்.

அதற்குப் பிறகு மனு கொடுத்தோம். சிக்னல் வேண்டாம், குறைந்தபட்சம் வேகத்தடையும், ஜீப்ரா கோடும், ஒரு விளக்கும் என்று கேட்டோம். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட இடத்தில் போக்குவரத்து ஏற்பாடு செய்யத் தேவையான வாகன எண்ணிக்கை இல்லை என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டு வைத்திருந்தோம். அதிலிருந்த "வாகன எண்ணிக்கை" என்ற சொல் அப்போது எங்கள் கண்ணில் உறைக்கவில்லை. உறைக்க வைத்தது இந்தத் தெர்மாகோல் சாலைதான்.

சரி, சர்க்யூட்டுக்கு வருவோம். படிக்கிற தோழர்களில் சிலர் இதை உங்கள் படிப்பகத்தில் செய்து பார்க்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஆர்டுயினோ யூனோ க்ளோன் போர்டு, நான்கு ஐ.ஆர். சென்சார் மாட்யூல்கள், பன்னிரண்டு எல்.இ.டி.க்கள், 220 ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு புஷ் பட்டன், ஜம்பர் வயர்கள் வாங்கினோம். நான்கு சாலைக்கு மூன்று விளக்கு வீதம் பன்னிரண்டு. யூனோவில் 2 முதல் 13 வரை உள்ள பின்கள் சரியாகப் பன்னிரண்டு. 0, 1 இரண்டும் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு, அவற்றைத் தொடவில்லை. நான்கு சென்சாரும் ஏ0 முதல் ஏ3 வரை. பட்டனுக்கு ஏ4.

ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஏன் ரெசிஸ்டர் என்று ஒரு பையன் கேட்டான். வயரிங் தம்பி விளக்கினார்: போர்டு தருவது 5 வோல்ட். எல்.இ.டி. எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 2. மீதி 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் 13 மில்லி ஆம்பியர் சொச்சம். ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் எல்.இ.டி.யும் போகும், பின்னும் போகும். மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் ஓம் விதி, அன்றுதான் அவனுக்குக் கையில் கிடைத்தது. இதைச் சொல்லிக் கொடுத்தவர், வேலை முடித்த வீடுகளில் இன்னமும் தனி டம்ளரில் காபி வாங்கிக் குடிப்பவர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

இப்போது கறுப்புக் கார். ஐ.ஆர். சென்சாரில் இரண்டு சின்னக் கண்கள் இருக்கும். ஒன்று நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். அந்த ஒளி எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்பினால் மற்றொன்று வாங்கும். போதுமான அளவு திரும்பினால் "வண்டி இருக்கிறது". திரும்பாவிட்டால் "யாரும் இல்லை". கறுப்புப் பரப்பு ஒளியை விழுங்கிவிடும், குறைவாகவே திருப்பி அனுப்பும். ஆகவே சென்சாரைப் பொறுத்தவரை கறுப்புக் கார் அங்கே இல்லை. எவ்வளவு ஒளி திரும்பினால் போதும் என்பதை முடிவு செய்வது மாட்யூலில் உள்ள ஒரு நீல நிறத் திருகு. சின்ன ஸ்குரூ டிரைவரால் திருகலாம்.

பிள்ளைகள் திருகினார்கள். கறுப்புக் கார் தெரிந்தது. கூடவே எதிர்ப்பக்கத்து வெள்ளைத் தெர்மாகோல் சுவரும் வண்டியாகத் தெரிந்தது! கடைசியில் சென்சாரைச் சாலைக்கு நெருக்கமாக நகர்த்தி, எதிர்ச் சுவரில் கறுப்புத் தாள் ஒட்டி, திருகைத் திரும்பச் சரிசெய்தார்கள். மூன்று மாலைகள் ஆயின.

கருவிக்குச் சாதி, நிறம் தெரியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கருவிக்குத் தெரியாதுதான். ஆனால் எந்த அளவில் "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும் என்று திருகி வைத்த கை ஒன்று இருக்கிறது. அந்தக் கை யாரை வைத்துச் சோதித்துப் பார்த்தது என்பதில்தான் விஷயம். கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கெல்லாம் வந்த, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் ஒளியை வைத்துத்தான் அளக்கிறது. ஆபத்தான ஆக்சிஜன் குறைவை அந்தக் கருவி தவறவிடுவது, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று, 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அங்கே அது காரும் தெர்மாகோலும் இல்லை, உயிர்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. புரோகிராமை ஒரு வீடியோவைப் பார்த்து எழுதியிருந்தோம். தர்க்கம் எளிது: நான்கு சாலைகளையும் வரிசையாகப் பார். வண்டி இருந்தால் பச்சை கொடு. வண்டி தொடர்ந்து வந்தால் பச்சையைக் கொஞ்சம் நீட்டு. வண்டி இல்லாவிட்டால் அந்தச் சாலையைத் தாண்டிப் போ. நேரமும் பெட்ரோலும் மிச்சம். உலகம் முழுக்க "ஸ்மார்ட் சிக்னல்" என்று பேசப்படுவதன் அடிப்படை இதுதான்.

பிள்ளைகள் நான்கு சாலைக்கும் பெயர் வைத்திருந்தார்கள். விழுப்புரம் ரோடு, எதிர்த்திசை ரோடு, ஊர் ரோடு, நம்ம ரோடு. பத்து நிமிடம் ஓட விட்டுப் பார்த்தோம். மற்ற மூன்றிலும் கார்களை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். நம்ம ரோட்டில் ஒரு முறைகூடப் பச்சை விழவில்லை.

"ஏன்டா அங்க ஒண்ணையும் வைக்கல?" என்று கேட்டோம்.

"நம்மகிட்ட காரு ஏது அண்ணா? எல்லாரும் நடந்துதானே போறோம்" என்றான் அவளுடைய தம்பி.

கூடம் கொஞ்ச நேரம் அமைதியானது. அப்போதுதான் எங்களுக்கு அந்தக் கோப்பும், அதிலிருந்த கடிதமும் நினைவுக்கு வந்தன. வாகன எண்ணிக்கை இல்லை. புரோகிராமில் அதே வாக்கியம் வேறு மொழியில் இருந்தது. வண்டி இல்லாவிட்டால் தாண்டிப் போ.

எடுத்து வந்து எல்லோருக்கும் படித்துக் காட்டினோம். அந்தப் பெண் கேட்டாள்: "அப்ப அவங்க வண்டிய மட்டும்தான் எண்ணினாங்களா? ஆயாவ எண்ணலையா?"

எம்.ஏ. சோசியாலஜியில் அளவீடு, வகைப்படுத்தல், அதிகாரம் என்று பக்கம் பக்கமாகப் படித்ததுண்டு. இப்படி ஒரு கேள்வியை எந்த வகுப்பறையிலும் நாங்கள் கேட்டதில்லை.

அன்று இரவே பட்டனைச் சேர்த்தோம். நடப்பவர் அழுத்தினால் எல்லாச் சாலைக்கும் சிவப்பு, நடப்பவருக்கு வழி. அழுத்தினால் வேலை செய்யவில்லை. பத்து முறை அழுத்தினால் ஒரு முறை வேலை செய்தது. காரணம், புரோகிராமில் இருந்த "டிலே" என்ற கட்டளை. பத்து நொடி பச்சை என்றால், அந்தப் பத்து நொடியும் போர்டு எதையும் பார்க்காமல் காத்திருக்கும். அந்த நேரத்தில் அழுத்தினால் அதற்குத் தெரியாது. "நாம கூப்புடும்போது அது தூங்குது" என்று தம்பி சொன்னதைவிட நல்ல விளக்கம் கிடையாது. டிலேயை எடுத்துவிட்டு "மில்லிஸ்" என்ற கடிகாரத்தை வைத்து எழுதினோம். இப்போது போர்டு நேரத்தையும் பார்க்கும், இடையிடையே பட்டனையும் பார்க்கும். யாராவது அழுத்தினால் நினைவில் குறித்து வைத்துக்கொள்ளும். இன்னொரு வரியும் சேர்த்தார்கள். மற்ற சாலைகளில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், அழுத்தியவர் இருபது நொடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது. அந்த வரியை அந்தப் பெண்ணே தட்டினாள்.

இந்த நாட்களில் விளக்குகளின் வரலாற்றையும் தேடிப் படித்தோம். 1928-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் சார்லஸ் ஆட்லர் என்பவர் வாகனமே இயக்கும் சிக்னல் ஒன்றை வைத்தார். ஓட்டுநர் வந்து நின்று ஹாரன் அடித்தால், கம்பத்தில் இருக்கும் மைக் அதைக் கேட்டு விளக்கை மாற்றும். ஹாரன் இருப்பவன் குரல் மட்டும் கேட்கும் சிக்னல்! பிறகு சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்து, மேலே நிற்கும் உலோகத்தை உணரும் முறை வந்தது. அதற்கும் நடப்பவர் தெரியமாட்டார்.

அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1923-இல், கிளீவ்லாந்தில் காரெட் மார்கன் என்ற கறுப்பினத்தவர் ஒரு சிக்னலுக்குக் காப்புரிமை பெற்றார். அடிமைகளாக இருந்து விடுபட்ட குடும்பத்தின் பிள்ளை. மூவர்ண மின்விளக்கைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று நம் பக்கங்களில் அவ்வப்போது பகிரப்படுகிறது. அது சரியில்லை. மின்விளக்கு சிக்னல் 1914-லேயே அதே கிளீவ்லாந்தில் வந்துவிட்டது. மார்கனுடையது கையால் சுற்றும் கம்பம். நம்மவர் என்பதற்காக மிகைப்படுத்தத் தேவையில்லை. உண்மையே போதுமான அளவுக்குப் பெரிது. அவருடைய கம்பத்தில் நில், செல் என்பவற்றோடு மூன்றாவதாக ஒரு நிலை இருந்தது: எல்லாத் திசையும் நிற்க வேண்டும், நடப்பவர்கள் கடக்கலாம். எங்கள் பிள்ளைகள் பட்டனில் செய்ததும் அதுதான். இதே மார்கன் செய்த புகைக் கவசத்தை அமெரிக்கத் தென்மாநிலங்களில் விற்க, ஒரு வெள்ளைக்காரரைக் கண்டுபிடிப்பாளராக நடிக்க வைக்க வேண்டியிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு விவாதம். அட்டையில் சாலைகளின் பெயரை எழுத வேண்டும். நம்ம ரோடு என்பதை எப்படி எழுதுவது? ஒருவன் "காலனி ரோடுன்னு எழுத வேணாம்க்கா, எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றான். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் தன் கையால் எழுதி, தன் மேசையில் வைத்துக்கொண்டு நிற்பது வேறு. 2025 ஏப்ரலில் "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. சொல்லை நீக்கலாம். சாலை அப்படியேதான் கிடக்கிறது. எழுதுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த மேசையில் நிற்கப் போவது அவர்கள், நாங்கள் இல்லை. கடைசியில் "நான்காவது சாலை" என்று எழுதினார்கள்.

கண்காட்சி அன்று எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் வராண்டாவின் கடைசி மேசை. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பதினொரு மணிக்கு வெயில் சாய்ந்து நேராக மேசைமேல் விழுந்தது. நடுவர் வந்தபோது வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு சாலைக்கும் மாறி மாறிப் பச்சை விழுந்துகொண்டிருந்தது.

"இது சும்மா டைமர்தானே? சென்சார் எங்க வேலை செய்யுது?" என்றார் நடுவர்.

நாங்கள் ஓரமாக நின்றிருந்தோம். போய் உதவலாமா என்று கால் பரபரத்தது. போகவில்லை. அந்தப் பெண் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஒரு சென்சார்மேல் உள்ளங்கையைக் குடை மாதிரி பிடித்தாள். மாட்யூலில் எரிந்த சின்ன விளக்கு அணைந்தது. கையை எடுத்தாள், எரிந்தது.

"வெயில்லயும் அகச்சிவப்பு இருக்கு சார். அது நேரா உள்ள போறதால, எல்லா ரோட்டுலயும் வண்டி நிக்குதுன்னு நெனச்சுக்குது. நிழல்ல வச்சா சரியா ஓடும்."

நடுவர் கொஞ்சம் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "யார் செஞ்சு குடுத்தது?"

மற்ற மேசைகளில் என்ன கேட்டார் என்பதை நாங்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். "எப்படி வேலை செய்யுது?" "எவ்வளவு செலவாச்சு?" கடையில் வாங்கிய கிட்டை அப்படியே வைத்திருந்த மேசையிலும் அந்தக் கேள்வி வரவில்லை.

"நாங்கதான் சார் செஞ்சோம்," என்றாள். "எந்த வயர வேணா புடுங்குங்க. திரும்ப மாட்டிக் காட்டுறேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு வயரைப் பிடுங்கினார். ஒரு சாலையின் மஞ்சள் அணைந்தது. அவள் போர்டில் விரல் வைத்து எண்ணி, காலியான பின்னைக் கண்டுபிடித்து மாட்டினாள். அவர் தலையசைத்தார். போகும்போது, "இந்த நான்காவது சாலைக்கு மட்டும் எதுக்கு பட்டன்?" என்று கேட்டார்.

"அது எங்க காலனி ரோடு சார். அங்க எல்லாரும் நடந்துதான் வருவாங்க. எங்க ஆயா அங்கதான் அடிபட்டாங்க."

அட்டையில் எழுத வேண்டாம் என்று சொன்னவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் தலை குனியவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. தம்பி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தான். அவள், "கறுப்புப் பேப்பர சுருட்டி சென்சாருக்குக் குழாய் மாதிரி மாட்டுனா வெயில் விழாது அண்ணா" என்று வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தாள். மறுநாள் மாட்டினாள். இப்போது வெயிலிலும் ஓரளவு ஓடுகிறது.

அதற்கடுத்த வாரம் பிள்ளைகள் நெடுஞ்சாலை ஓரம் உட்கார்ந்து நடப்பவர்களை எண்ணத் தொடங்கினார்கள். காலை பள்ளி நேரம், மாலை வேலை முடியும் நேரம். ஒரு ஆளுக்கு ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. குழந்தை, முதியவர், சுமை தூக்கி வருபவர் என்று தனித்தனிப் பத்தி. ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது. நாங்கள் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 93 வழிகாட்டியைத் தேடிப் படித்தோம். சிக்னல் வைப்பதற்கான காரணங்களில் வாகன எண்ணிக்கை ஒன்று மட்டுமே. கடக்கும் பாதசாரிகளின் எண்ணிக்கையும், அந்த இடத்தில் நடந்த விபத்துகளும் அதே பட்டியலில் தனித்தனிக் காரணங்களாக இருக்கின்றன. பாதசாரி வசதிகளுக்கென்றே ஐ.ஆர்.சி. 103 என்று இன்னொன்றும் இருக்கிறது.

உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு பதில் வந்திருந்தால் அதோடு கோப்பை மூடாதீர்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேளுங்கள்: எந்தத் தேதியில், எந்த நேரத்தில் கணக்கெடுத்தீர்கள்? பாதசாரிகளை எண்ணினீர்களா? படிவத்தின் நகல் எங்கே? முப்பது நாளில் பதில் தர வேண்டும். கூடவே உங்கள் கணக்கையும் நீங்களே எடுத்து வையுங்கள்.

1893-இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டினார். நம்மவர் நடக்கவே கூடாது என்று தடுத்த சாலை அது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் கிணறு, குளத்தோடு சாலையும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருப்பது அந்த நினைவில்தான். இன்று சாலையில் நடக்காதே என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நடப்பவர் கணக்கில் வராமல் போகிறார், அவ்வளவுதான்.

போன திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு அந்த நோட்டின் நகலையும் இணைத்துக் கொடுத்தோம். பிள்ளைகள் மாடலையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே எடுத்துப் போக அனுமதி இல்லை என்று வாசலிலேயே வைக்கச் சொன்னார்கள். வேப்பமர நிழலில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். மனு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். இருபது நொடிக்குள் எல்லாச் சாலையும் சிவப்பானது.

எங்கள் மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறோம். வராவிட்டாலும் எழுதுவோம்.

ஜெய் பீம்.